சுமார் இருபத்திரண்டு

செஞ்சி பத்திர ஆபீஸ் வாசலில் முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் கலியபெருமாள். முகத்தைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லிவிடுவான் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான், அதை மறைப்பானேன்! வல்லம் போகிற வழியில் குடியிருக்கும் பாக்கியம் என்ற பெண்ணால் அது அடியோடு போயிற்று. போனதில் எனக்கு வருத்தமில்லை. அவளைப் பற்றி எழுதி வைக்காமல் நான் போய்ச் சேர்ந்தால்தான் வருத்தம்.

பத்திரத்தில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில் எழுதிய பிறகு வயதையும் எழுத வேண்டும். இந்தத் தாலுகாவில் வயதைக் கேட்டால் எவன் ஒழுங்காகச் சொல்கிறான்? “பெரிய புயல் அடிச்சுதே, அந்த வருஷம்” என்பான். எந்தப் புயல் என்றால் தலையைச் சொறிவான். இவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் நானே ஒரு வழி வைத்திருந்தேன். மீசை நன்றாகக் கறுத்திருந்தால் இருபத்தைந்து. காதோரம் நரைத்திருந்தால் நாற்பத்தைந்து. பல் போயிருந்தால் அறுபது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தால் இருபத்திரண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ‘சுமார்’ என்று போட்டுவிடுவேன். அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் யாரும் நம்மை ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

1944ஆம் வருஷம் மார்ச் மாதம் பாக்கியம் முதன்முதலாக என் எதிரில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை இருந்தது. கூட வந்தவர் அவளுடைய சித்தப்பா தோமினிக். அவளுடைய தகப்பன் பால்சாமியை எனக்கு முன்பே தெரியும். கல் உடைக்கிறவர். செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம்? வானம் பார்த்த ஒரு காணி நிலத்தை வைத்துக்கொண்டு, பாறையில் மருந்து வைத்து, கடப்பாரையால் நெம்பி, நாலு வருஷம் தனி ஆளாகக் கிணறு வெட்டினார். அடிப்பாறை பிளந்து தண்ணீர் பீறிட்ட அன்றைக்கு ஊரே போய்ப் பார்த்தது, நானும் போயிருந்தேன். அதற்கப்புறம் அந்தக் காணியில் மணிலாக்கொட்டையும் நெல்லும் மாறி மாறி விளைந்தது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். 1934இல் பால்சாமியும் போனபோது மகள் பாக்கியம் சின்னப் பெண். தோமினிக் கடலூர் ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டு அவளுக்கும் நிலத்துக்கும் கார்டியன் ஆனார். பிறகு அவளை லூர்துநாதன் என்ற பையனுக்குக் கட்டி வைத்தார். அவன் பட்டாளத்துக்குப் போய் அசாம் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்தான்.

தோமினிக் என்னைத் தனியே கூப்பிட்டு, “கிரயப் பத்திரம் எழுதுங்க. மண்டிக்காரரு இராமச்சந்திரன் வாங்கறாரு. பொண்ணு மேஜர் ஆயிட்டா” என்றார். மண்டிக்காரருக்கு அந்தக் கிணற்றின்மேல் வெகு நாளாகக் கண். பாக்கியத்தின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தேன். ‘வயது சுமார் இருபத்திரண்டு’ என்று எழுதினேன். பிறகு பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். நான் பத்திரம் படிக்கிற வேகம் செஞ்சியில் பிரசித்தம். ‘இதன் கீழ்க்கண்ட சொத்தைத் தங்களுக்குச் சுத்தக் கிரயம் செய்து’ என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டேன். யாருக்குப் புரியும்? எனக்கே பாதி புரியாது. அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, பத்திரத்தில் வைத்துவிட்டேன். உள்ளே பதிவு அதிகாரி சம்மதமா என்று கேட்டார். தோமினிக் தலையாட்டினார், அவளும் ஆட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பாக்கியம் மறுபடி வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து, என் எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்துகொண்டான்.

“இன்னாய்யா எழுதின நீ? மண்டிக்காரன் ஏரு கட்டினு வந்து நிக்கிறான். எங்க நைனா வெட்டின கெணத்துல நான் தண்ணி எறைக்கக் கூடாதாம்!”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “நீதானே கை நாட்டு வெச்ச? தூங்கினா வெச்ச?”

“சித்தப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? ‘கார்டியன் கெடு முடிஞ்சிபோச்சி, நெலம் உன் பேருக்கு வருது, நீ பெரிய மனுஷி, ஒரு கை வை’ன்னாரு. பெரிய மனுஷின்னு பதிமூணு வயசுல பந்தல் போட்டு ஊருக்கே சொன்னாரு. இன்னொரு தபா இன்னாத்துக்கு சொல்றாருன்னு நெனச்சினே வெச்சேன்.”

அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுகையில் குழந்தையும் சேர்ந்துகொண்டது. எனக்குச் சுருக்கென்றது. என் பேனாவை வைத்து ஒரு பெண்ணின் கிணற்றை மூடியிருக்கிறார்கள், நானும் மூடிக் கொடுத்திருக்கிறேன்! மடியிலிருந்து அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கடலூர் கோர்ட்டு கார்டியன் உத்தரவின் நகல். இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முத்திரைத்தாளோடு சரி. “வா, திண்டிவனம் போகலாம்” என்றேன்.

யுத்த காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நானும் தள்ளினேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் தள்ளினாள். திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“கலியபெருமாள், இந்தப் பொண்ணு மேஜர்னு உமக்கு யார் சொன்னது?”

“பதினெட்டு முடிஞ்சிருக்கும்ங்களே. கொழந்தையே இருக்குதே.”

“நான் போன டிசம்பர்ல பதினெட்டு முடிச்சேன்” என்றாள் பாக்கியம். “மாதா திருநாள் அன்னிக்கிப் பொறந்தவ.”

வக்கீல் சிரித்தார். “பதினெட்டு மத்தவங்களுக்கு. கோர்ட்டு கார்டியன் வெச்ச புள்ளைக்கு இருபத்தொண்ணு. எழுபது வருஷமா சட்டம் அப்படித்தான் இருக்குது. அதுவரைக்கும் இந்தப் பொண்ணு எந்தப் பத்திரத்துல கை வெச்சாலும் அது வெத்துக் காகிதம்.”

இருபத்தாறு வருஷம் பத்திரம் எழுதிய எனக்கு இது தெரியாது! வெட்கம் ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். விடாமல் கேட்டேன். ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்கள், ஒருத்திக்குத் தகப்பன் உயிரோடு இருக்கிறான், இன்னொருத்திக்குக் கோர்ட்டு கார்டியன், இருவரும் வெவ்வேறு வயதிலா பெரியவர்கள் ஆவார்கள்? ஆமாம் என்றார். அப்படியானால் கல்யாணம்? பதினாலு வயதானால் பெண்ணுக்குக் கட்டி வைக்கலாம் என்றார். (இந்த வருஷம் அதைப் பதினைந்து ஆக்கியிருக்கிறார்கள்.) திருடினால்? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏழு வயசு முடிஞ்சிட்டா, நல்லது கெட்டது தெரிஞ்ச புள்ளையா இருந்தா, குத்தவாளி.” ஏழு வயதில் ஜெயிலுக்குப் போகலாம், பதினாலில் தாலி கட்டிக்கொள்ளலாம், ஆனால் தகப்பன் வெட்டிய கிணற்றை விற்க இருபத்தொன்று ஆக வேண்டும். எனக்கு வாய் மூடவில்லை.

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதோ இருக்கிற புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு எல்லாருக்குமே இருபத்தொன்றுதான் என்றார். இங்கிலீஷ்காரன் ஊரிலும் அதே கணக்கு. பழைய ரோமாபுரியில் இருபத்தைந்து ஆகாதவனோடு கொடுக்கல் வாங்கல் வைக்கவே பயப்படுவார்களாம். நம்முடைய பழைய சாஸ்திரப்படி பதினாறு. துலுக்கர் சட்டத்தில் பதினைந்தை ஒட்டி. “ஒரு மனுஷன் எப்போ பெரியவன் ஆகிறான்னு கடவுளே வந்து சொன்னாலும் எந்த ஊர் கோர்ட்டுன்னு கேட்டுட்டுத்தான் சொல்லணும்” என்றார்.

பாக்கியம் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “எங்க நைனா உசுரோட இருந்திருந்தா நான் இப்போ பெரியவ. அவரு செத்ததால இன்னும் கொழந்த. அப்படித்தானுங்க?” என்றாள்.

“அப்படித்தாம்மா.”

“அப்போ செத்தும் அவருதான் என்னப் பாத்துக்கிறாரு” என்றாள்.

திரும்பி வரும்போது செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை கண்ணில் பட்டதும் தேசிங்கு ராஜா ஞாபகம் வந்தது. பதினெட்டு வயதில் இந்தக் கோட்டைக்கு ராஜா, இருபத்திரண்டில் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவனுக்கும் ஒரு கோர்ட்டு கார்டியன் வைத்திருந்தால், மேஜர் ஆன மறு வருஷமே செத்திருப்பான். எத்தனை ஆயிரம் பேர் அவன் சொல் கேட்டுக் குதிரை ஏறினார்கள்! இங்கே ஒரு பெண், புருஷனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, கைக்குழந்தையோடு ஒரு காணியைத் தனியாக உழுது விதைக்கிறவள், அவள் குழந்தை. என் தலை சுற்றியது, கரிப் புகையும் அதற்கு ஒரு காரணம்.

வழக்குப் போடுவதிலும் ஒரு வேடிக்கை. மைனர் தானே வழக்குப் போட முடியாதாம். மேஜரான ஒருவர் அவளுக்காக நின்று போட வேண்டுமாம். தோமினிக் எதிர்ப்பக்கம். புருஷன் அசாமில். நான் சாட்சி. யார் நிற்பது என்று யோசித்தபோது மாரியம்மாள் வந்தாள். சேரியிலிருந்து வந்து பக்கத்து வயல்களில் களையெடுக்கிறவள், கூப்பிட்டால் பாக்கியத்தின் நிலத்திலும் வேலை செய்வாள். சொந்தமென்று ஒரு சாண் மண் கிடையாது. குடிசை போட்டிருந்த இடமும் அடுத்தவனுடையது.

“நான் நிக்கிறேன். என்னா பண்ணணும், நிக்கத்தான?” என்றாள்.

வயது கேட்டேன். “எனக்கு எப்படி ஐயா தெரியும்? எங்கம்மாவுக்கே தெரியாது. நீதான் மூஞ்சியப் பாத்து சொல்வியே, சொல்லு.”

சுமார் நாற்பது என்று எழுதினேன். இப்படியாக, எந்த வருஷம் பிறந்தாள் என்றே யாருக்கும் தெரியாத மாரியம்மாள் மேஜராகி, பிறந்த தேதி முதற்கொண்டு தெரிந்த பாக்கியம் என்ற மைனருக்காக மண்டிக்காரர்மேல் வழக்குப் போட்டாள். இரண்டு பேரும் அன்று கோர்ட்டு வாசலில் பொரி வாங்கித் தின்றுகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

மண்டிக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. விசாரணை வந்தபோது அவருடைய வக்கீல் ஒரு சர்டிபிகேட்டை நீட்டினார். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்ததற்குச் சாமியார் கையெழுத்துப் போட்டது. லத்தீனில் எழுதியிருந்த பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது. பால்சாமியின் மகள் பாக்கியம், பிறந்தது 1922ஆம் வருஷம் ஜனவரி மாதம். அப்படியானால் பத்திரம் எழுதிய அன்று அவளுக்கு இருபத்திரண்டு. மேஜர்தான், பத்திரம் செல்லும்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை. மார்பு விம்மியது! சுமார் இருபத்திரண்டு என்று எழுதினேனே, பார்த்தாயா என் கண்ணை என்று பெருமையாக இருந்தது. பாக்கியம் என்னவாவாள் என்று நினைக்கவே இல்லை. பக்கத்தில் அவள் நிற்கிறாள் என்பதே ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

“அது நான் இல்ல ஐயா. அது எங்க அக்கா” என்றாள் என் காதோடு.

அவர்கள் ஜனத்தில் அந்த வழக்கம் உண்டு. ஒரு குழந்தை செத்துப்போனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். பெயர் வீணாகிவிடக் கூடாது என்று ஒரு எண்ணம், போன குழந்தையே திரும்பி வந்தது என்று ஒரு ஆறுதல். மூத்த பாக்கியம் இரண்டு வயதில் காலரா வாரத்தில் செத்தாள். மறு வருஷம், 1925 டிசம்பர் எட்டாம் தேதி, பிறந்தவள் இவள். சர்டிபிகேட் கேட்டுப் போனவர்களுக்கு, முதலில் கண்ணில் பட்ட பால்சாமி மகள் பாக்கியத்தைக் கோயில் உபதேசியார் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு? நானாவது குழந்தையைப் பார்த்து எழுதினேன், அவர் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்.

எங்கள் வக்கீல் போய் இரண்டாவது பாக்கியத்தின் பக்கத்தையும் எடுத்து வந்தார். எதிர் வக்கீல் அசரவில்லை. “ரெண்டு பெண் இருந்தது வாஸ்தவம். செத்தது இளையவள். இதோ நிற்பவள் மூத்தவள். இல்லை என்றால் சாவுப் பதிவைக் காட்டட்டும்” என்றார். சாவுப் பதிவு இல்லை. அந்தக் காலரா வாரத்தில் தினம் நாலைந்து பிணம் விழுந்ததாம். சாமியார் வேறு கிராமத்தில் இருந்திருக்கிறார், இங்கே யார் யாரைப் புதைத்தார்கள் என்று எழுதி வைக்க ஆள் இல்லை. கடலூர் உத்தரவில் அவள் வயது இருந்ததே என்றால், அதிலும் ‘சுமார் ஒன்பது’ என்றுதான் போட்டிருந்தது. “சுமார் என்பது சாட்சியாகுமா?” என்று கேட்டார். எனக்குச் சாட்டையால் அடித்தது போல இருந்தது.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் பாக்கியம் என்னையும் வக்கீலையும் அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். வேலியோரம், ஒரு முழ உயரத்தில், கருங்கல்லில் ஒரு சிலுவை. கல் உடைக்கிற தகப்பன் உளி பிடித்துத் தானே வெட்டியது. அதில் ‘பாக்கியம்’ என்று எழுத்து, கீழே 1924. சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது.

“வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான்தான் சுண்ணாம்பு அடிச்சி மெழுகுவத்தி ஏத்துவேன்” என்றாள். குனிந்து அந்த எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டினாள். “சின்னதுல இங்க வர பயமா இருக்கும். இது உன் பேருன்னு நைனா காட்டுவாரு. நான் செத்துட்டேன்னும், வேற யாரோ என் சட்டையப் போட்டுனு சோறு துன்றாங்கன்னும் நெனச்சிக்குவேன். அப்புறம் பழகிடுச்சி. எங்க அக்கா எனக்கு எடம் உட்டுட்டுப் போனான்னு நெனச்சிக்கினேன்.”

தன் பெயர் வெட்டிய கல்லறைக்குத் தானே விளக்கேற்றி வளர்ந்த ஒரு பிறவியை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கை குவிந்துவிட்டது, யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. குழந்தைக்கு என்ன பெயர் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். லில்லி என்றாள். “எங்க ஊட்டுல செத்தவங்க யாரும் வெச்சிக்காத பேரு. தேடித் தேடி வெச்சேன்.”

வக்கீல்தான் உதட்டைப் பிதுக்கினார். கல்லை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம் என்று எதிர்ப்பக்கம் சொல்வார்கள், அதைப் புதைத்தபோது கூட இருந்தவர் ஒருவர் வேண்டும் என்றார். உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர்தான். தோமினிக். அவரோ மண்டிக்காரரின் சாட்சி.

அடுத்த வாய்தாவில் முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதைப் பார்த்து இருபத்திரண்டு என்று எழுதினீர் என்று எங்கள் வக்கீல் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணே சொன்னாள் என்று ஒரு வார்த்தை போதும், என் மானம் தப்பியிருக்கும். “இடுப்புல இருந்த கொழந்தையப் பாத்து எழுதினேனுங்க” என்றேன். கோர்ட்டே சிரித்தது. முன்சீப் சிரிக்கவில்லை. “வேறு எதையெல்லாம் பார்த்து எழுதுவீர்?” என்றார். மீசை, நரை, பல் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு தோமினிக் ஏறினார். வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பார்க்க முரட்டு ஆள், அன்றைக்கு வெயிலில் போட்ட கீரை மாதிரி இருந்தார். புதுச்சேரி மில்லில் வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை, அதற்கு இந்தக் கிரயப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். புருஷன் உயிரோடு வருவானோ மாட்டானோ, இவள் தனியாக நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உம்முடைய அண்ணனுக்குப் பாக்கியம் என்று எத்தனை பெண்?”

“ரெண்டு.”

“செத்தது எது?”

தோமினிக் மண்டிக்காரரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். முன்சீப் மறுபடி கேட்டார். அப்போது பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. பேசக் கூடாத இடம், அவளுக்கு அது எங்கே தெரியும்!

“சித்தப்பா, அக்காவ யாரு தூக்கினு போனது?”

சத்தம் போடக் கூடாது என்று சேவகன் அதட்டினான். ஆனால் தோமினிக் அவளுக்குத்தான் பதில் சொன்னார்.

“நான்தாம்மா.” முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். “உங்க நைனா காலராவுல கெடந்தாரு. உங்க அம்மா எழுந்திருக்கல. பொட்டி செய்ய ஆளு இல்ல. எங்க அம்மா பொடவையக் கிழிச்சி சுத்தி, கையில தூக்கினு போனேன். எனக்கு அப்போ பதினேழு வயசு. குழியும் நான்தான் வெட்டினேன். ஒரு முயல்குட்டி கனம்தான் இருந்துது.” பிறகு முன்சீப்பைப் பார்த்துத் திரும்பினார். “பெரிய பாக்கியம்தாங்க செத்துது. இது சின்னது. அடுத்த வருஷம் மாதா திருநாள்ல பொறந்துது. அண்ணன் கெணறு வெட்டினது இதுக்காகத்தான்.”

மண்டிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. பத்திரம் செல்லாது, வாதி இன்னும் மைனர் என்று முன்சீப் படித்தபோது, லில்லி பால் கேட்டு வீறிட்டு அழுதாள். மைனர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கும்பிட்டாள். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பதினேழு வயதில் குழி வெட்டினானே ஒரு பையன், அவனை அன்றைக்கு எந்தச் சட்டம் குழந்தை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது?

யுத்தம் முடிந்து லூர்துநாதன் முழு உடம்போடு வந்து சேர்ந்தான். 1946 டிசம்பர் எட்டு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் காலையில், நான் மைக்கூட்டைத் திறப்பதற்கு முன்பே பாக்கியம் மாரியம்மாளோடு வந்து நின்றாள்.

“நேத்தோட இருபத்தொண்ணு முடிஞ்சிபோச்சி. ஒரு தானப் பத்திரம் எழுதணும். கெணத்துக்குத் தெக்கால அஞ்சு சென்ட்டு, மாரியம்மாளுக்கு.”

மாரியம்மாள் குடிசை போட்டிருந்த இடத்துக்காரன் காலி பண்ணச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சூழ்நிலையைக் கலகலப்பாக்கலாம் என்று, “உன் வயசு என்ன போட?” என்றேன்.

“அன்னிக்கி நாப்பதுன்ன. ரெண்டு வருஷம் ஆச்சே, நாப்பத்திரண்டு போடு” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். இப்போது இருபத்தொன்று ஆன எல்லோருக்கும் ஓட்டு வரப்போகிறது என்கிறார்களே, அதற்கும் அவள் என்னிடம்தான் வயது கேட்டு வந்திருக்கிறாள். கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், நாற்பத்தைந்து.

பாக்கியத்தின் வரியில் ‘வயது’ என்று எழுதிவிட்டுப் பேனா பழக்கத்தில் ‘சு’ போடப் போயிற்று. நிறுத்தினேன். ‘வயது இருபத்தொன்று’ என்று எழுதினேன். முன்னால் ஒன்றும் இல்லாமல் ஒரு வயதை எழுதியது எனக்கு அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, இரண்டு பேருக்கும் புரிகிற தமிழில் படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மைப் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

பாக்கியம் அதைத் தள்ளிவிட்டாள். “பேனாவக் குடு ஐயா.”

“எழுதத் தெரியுமா உனக்கு?”

“என் பேரு மட்டும் தெரியும். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீதான் வெரலப் புடிச்சிக்கின.”

பேனாவை உளி மாதிரி பிடித்தாள். ஒவ்வொரு கோடாக, அழுத்தி அழுத்திப் போட்டாள். வளைய வேண்டிய இடத்தில் எதுவும் வளையவில்லை, எல்லாம் மூலை மூலையாக, வெட்டு வெட்டாக நின்றது. இப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன் என்றும் தோன்றியது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் எங்கே என்று தெரிந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“யாரும் இல்ல. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கறப்போ வெரல உட்டு உட்டுப் பாத்து வந்துது.”

உளி கல்லில் வளையாது. மூத்த மகளுக்காகப் பால்சாமி வெட்டிய எழுத்து, இளைய மகளின் கையெழுத்தாக என் பத்திரத்தின் அடியில் இருந்தது. மை ஒற்றும் தாளை எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். அது தானாகக் காய்கிற வரைக்கும் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.